கண்ணாடி ஓவியத்தில் ‘லைனர்’: தமிழில் ‘வரப்பு’ எனலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நம் குழுமத்தின் கைவினைச் சொற்பட்டியலில் ‘கிளாஸ் லைனர்’ (கண்ணாடி ஓவியத்தில் வண்ணம் பரவாமல் தடுக்க இடும் பசைக்கோடு) என்பதற்கு நேரே இப்போது ‘புறக்கோடு’ என்று இருக்கிறது. அது பொருந்தவில்லை என்று சிலர் எழுதியதையொட்டி ‘உருவரை’, ‘மதில்’, ‘கரை’ ஆகிய மூன்றும் வந்துள்ளன. நான்காவதாக நான் முன்வைக்கும் சொல் ‘வரப்பு’.

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் பெண்களுக்குக் கண்ணாடி ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். பூசையறைக் கதவுக்கு மயில், வரவேற்பறைச் சாளரத்துக்கு மாங்காய்க் கொடி என்று அவரவர் வீட்டுக்கு வேண்டியதை வரைந்து எடுத்துப் போகிறார்கள். எந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கிறோமோ அதன்படிதான் கை நடக்கிறது என்பதை இங்கே தினமும் பார்க்கிறேன். ஆகவே முதலில் பொருளைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

காகிதமும் துணியும் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி உறிஞ்சாது. நீர்த்த வண்ணத்தை அதன்மேல் விட்டால் தடுப்பார் இல்லாமல் பரவும். அந்தப் பரவலை நிறுத்தவே வடிவத்தைச் சுற்றிக் கெட்டியான பசையால் சிறு மேடு எழுப்புகிறோம். கூர்முனை வைத்த சிறு குழாயில் கறுப்பு, தங்கம், வெள்ளி நிறங்களில் கடைகளில் கிடைக்கும் லைனர் இதற்கானதுதான். கறுப்பை அதிகம் விரும்புவதற்குக் காரணம் ஐரோப்பியத் தேவாலயச் சாளரங்கள். அங்கே வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகள் கோத்து நிற்கின்றன. வெளிச்சத்தில் அந்தப் பட்டைகள் கருங்கோடுகளாகத் தெரியும். அந்தத் தோற்றத்தைத்தான் நாம் பசையால் கொண்டுவருகிறோம்.

இனி ஏற்கெனவே வந்த சொற்கள்.

‘புறக்கோடு’ என்றால் வெளியே ஓடும் கோடு. மயிலின் கழுத்தையும் மார்பையும் பிரிக்கிற கோடும், தோகைக் கண்ணுக்குள் மூன்று வண்ணங்களைப் பிரிக்கிற வளையங்களும் உள்ளே இருப்பவை. அவற்றையும் இதே பசையால்தான் இடுகிறோம். பாதி வேலையை விட்டுவிடுகிற பெயர் இது.

‘உருவரை’ நல்ல சொல். அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் ஒட்டிவைக்கும் தாளில் இருப்பது உருவரை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில், கண்ணாடியின் பின்பக்கத்தில் மெல்லிய தூரிகையால் முதலில் இழுக்கும் கோடும் உருவரைதான். அங்கே அடர்ந்த வண்ணத்தைக் கோட்டின் மேலேயே பூசுகிறார்கள். கோடு எதையும் தடுத்து நிறுத்த வேண்டியதில்லை, கண்ணுக்கு வடிவம் காட்டினால் போதும். நம் லைனருக்கும் அந்தக் கோட்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டு நுட்பங்களையும் குழப்பிவிடுவோம்.

‘மதில்’ என்று எழுதிய நண்பர் வேலூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் இயல்பாக வரும். ஆனால் மதில் வெளியிலிருந்து வருபவரைத் தடுப்பது. இங்கே தடுக்க வேண்டியது உள்ளே இருக்கிற வண்ணத்தை.

நான்கில் வலுவான போட்டி ‘கரை’. சேலைக்கும் கரை உண்டு, ஆற்றுக்கும் கரை உண்டு. சிறிய சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் இதே சொற்பட்டியலில் டர்பன்டைன் போன்றவற்றுக்குக் ‘கரைப்பான்’ என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம். ‘கரைப்பான் பட்டால் கரை கரையாது’ என்று செய்முறையில் எழுதிப் பாருங்கள். கரையாமல் நிற்பதே தொழிலாகக் கொண்ட ஒன்றுக்கு இந்தப் பெயர் ஆகாது.

வரப்பு கழனிக்குள் நீரைத் தேக்கி வைப்பது. அடுத்தடுத்த இரண்டு கழனிகளுக்கும் ஒரே வரப்பு பொதுவாக இருக்கும், லைனர் கோடும் அப்படியே. உயரம் குறைவு, ஆனால் எங்கும் அறுபடக் கூடாது. இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அதன் சுற்றமும் கூடவே வருகிறது. நான்கு பக்கமும் வரப்பு சூழ்ந்த இடம் ‘பாத்தி’. அதற்குள் வண்ணத்தை விடுவது ‘பாய்ச்சுதல்’. கோடு சேராமல் விட்ட இடம் ‘உடைப்பு’. பசைக்கு ‘வரப்புப் பசை’, அது வரும் குழாய்க்கு ‘வரப்புக் குழாய்’.

வகுப்பில் ‘கோடு போடுங்கள்’ என்று சொன்னால் பேனா பிடிப்பதுபோல் முனையைக் கண்ணாடியில் அழுத்தி இழுக்கிறார்கள். பசை இரண்டு பக்கமும் பிதுங்கி நடுவில் பள்ளம் விழுகிறது. ‘வரப்பு எழுப்புங்கள்’ என்றால் அதே கை முனையைச் சற்று உயர்த்திப் பிடிக்கிறது. அதுதான் சரியான முறை. குழாயை ஏறக்குறைய 45 பாகையில் சாய்த்து, முனை கண்ணாடியை உரசாமல், ஒரே சீராக அழுத்தியபடி நகர்த்த வேண்டும். நீளமான நேர்க்கோட்டுக்குத் தொடக்கப் புள்ளியில் பசையைத் தொட்டு ஒட்டவிட்டு, முனையை மேலே தூக்கி, நூல்போல் தொங்கும் பசையை வரைபடத்தின்மேல் கிடத்திக்கொண்டே போகலாம். முடிக்கும் இடத்தில் அழுத்தத்தை முதலில் விட்டு, முனையைக் கண்ணாடியில் லேசாகத் தொட்டு எடுத்தால் வால் விழாது. வலக்கைக்காரர் மேல் இடது மூலையில் தொடங்கினால் ஈர வரப்பில் கை படாது.

இதற்கெல்லாம் முன்பு கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை துடைக்க வேண்டும். விரல்ரேகையின் எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் வரப்பு பிடிக்காது. காய்ந்தபின் அங்கேதான் உரிந்து வரும்.

வீட்டில் செய்துகொள்ளும் பசையைப் பற்றியும் ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைக் குழைத்து, ஓ.எச்.பி. தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மருதாணிக் கோன்போல் சுருட்டி அதில் நிரப்பிக்கொள்வது பலருக்கும் தெரிந்த வழி. அலங்காரப் பலகைக்கு அது போதும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் ஈரத்தில் இளகும் என்பதால் கழுவ வேண்டிய பாட்டிலுக்கும் கண்ணாடிக் குவளைக்கும் ஆகாது. அக்ரிலிக்குக்குப் பதில் போஸ்டர் வண்ணம் கலந்தால் நிலைமை இன்னும் மோசம். அது காய்ந்தபின்னும் நீர் பட்டால் கலங்கும். மேலே பாய்ச்சும் நீர்வழி வண்ணத்தில் கறுப்பு ஊறி மஞ்சள் பாத்தியெல்லாம் அழுக்காகிவிடும். கரைப்பான் வழி வண்ணம் பாய்ச்சுவதாக இருந்தால் நீர்வழி வரப்பு நன்றாகக் காய்ந்த பிறகு அசையாது. அந்த வண்ணத்தின் நெடிக்காகச் சாளரத்தைத் திறந்து வைக்க வேண்டும், அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

‘நகரத்துப் பிள்ளைகளுக்கு வரப்பு என்றால் தெரியுமா?’ என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் இன்றும் பஸ் சாளரத்தில் தெரிவது வரப்புகள்தான். தெரியாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு லைனர் என்ற சொல்லையும் புதிதாகத்தான் கற்றுத்தர வேண்டும். இரண்டில் ஒன்றைக் கற்கும்போது விளக்கம் தன்னிடத்திலேயே வைத்திருக்கிற சொல்லைக் கற்கட்டுமே.

உழவுச் சொற்களில் பழக்கமுள்ளவர்கள் இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். காவேரிப்பாக்கம் ஐயாவின் கருத்தை முக்கியமாக எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து

—

அன்புள்ள அம்மா,

வணக்கம். தங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. ‘வரப்பு’க்கு என் முழு ஒப்புதல். ‘பாய்ச்சுதல்’ மிகவும் பிடித்திருக்கிறது. நிரப்புதல் என்றிருந்தால் விளிம்புவரை கொட்டிவிடுவார்கள். பாய்ச்சுபவன் எவ்வளவு நிற்க வேண்டும் என்று பார்த்து நிறுத்துவான்.

‘உடைப்பு’ பற்றி ஒரு திருத்தம். வரப்பு அறுந்து நீர் கண்ணெதிரே ஓடினால்தான் உடைப்பு. வேறொரு கேடு இருக்கிறது. நண்டு வளை வைத்துவிட்டால் மேலே வரப்பு முழுதாக இருக்கும், அடியில் நீர் போய்க்கொண்டிருக்கும். அடுத்த கழனியில் ஈரத்தைப் பார்த்தபின்தான் நமக்குத் தெரியும். கண்ணாடியிலும் இப்படி நடக்குமானால் அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

இன்னொன்று. வரப்பின் பக்கங்களில் மண்டிய புல்லையும் பிதுங்கிய மண்ணையும் மண்வெட்டியால் செதுக்கி நேராக்குவதை ‘அண்டை கழித்தல்’ என்போம். செதுக்கிய பக்கத்தில் சேறு அப்பி மெழுகுவது ‘அண்டை கட்டுதல்’. பசை பிசிறினால் என்ன செய்வீர்கள் என்று தாங்கள் எழுதவில்லை. அதற்கு இவை உதவுமா என்று பாருங்கள்.

‘பாத்தி’யில் மட்டும் எனக்குத் தயக்கம். எங்கள் பக்கம் பாத்தி என்றால் கீரை, மிளகாய் வைக்கும் சிறு சதுரம். நெல்லுக்குக் கழனி. தோகையின் வளைந்த இடத்தைப் பாத்தி என்பது சரியா?

அன்புடன்,
காவேரிப்பாக்கத்திலிருந்து

—

ஐயா,

வணக்கம். நான் தேடிக்கொண்டிருந்தது நண்டு வளையைத்தான். குழாய்க்குள் காற்று இருந்தால் வரப்பு இடும்போது சின்னக் குமிழ் ஒன்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பார்வைக்குக் கோடு முழுமையாக இருக்கும். காயும்போது குமிழ் சுருங்கி ஊசி நுழையும் அளவுக்குத் துளை ஆகிவிடும். நீலத்தைப் பாய்ச்சிய பிறகு பக்கத்து மஞ்சளின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சையாக மாறுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். தாங்கள் சொன்ன அடுத்த கழனி ஈரம் அப்படியே இதுதான். மாணவிகள் இதையும் உடைப்பு என்று சொல்வதால் எங்கே தேடுவது என்று தெரியாமல் கோடு சேரும் மூலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடைப்பு மூலையில் இருக்கும், வளை கோட்டின் நடுவிலும் இருக்கும். ஆகவே ‘வளை’ என்றே சேர்க்கலாம். தடுக்கும் வழி எளிது: குழாயின் முனை கீழே இருக்கும்படி பிடித்து நன்றாகத் தட்டி, காற்று மேலே ஏறியபின் வேண்டாத தாளில் ஒரு விரற்கடை நீளம் இட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு வர வேண்டும். பாய்ச்சுவதற்கு முன் பலகையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் கறுப்பு வரப்பில் வளை இருக்கும் இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்துவிடும்.

‘அண்டை கழித்தல்’ கிடைத்ததற்கு நன்றி. பசை ஈரமாக இருக்கும்போது பிசிறினால் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுவோம். காய்ந்தபின் பிதுங்கிய ஓரத்தைக் கூர்மையான பிளேடால் கண்ணாடியோடு படியச் செதுக்குவோம். இதைச் சொல்ல இதுவரை எங்களிடம் சொல்லே இல்லை. ‘பிளேடு போடு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ‘அண்டை கட்டுதல்’ வளையை அடைப்பதற்குப் பொருந்தும். குண்டூசி முனையில் பசை தொட்டுப் பக்கவாட்டில் அப்புகிறோம்.

பாத்தி பற்றித் தங்கள் தயக்கம் நியாயமானது. ஆனாலும் ‘கழனி’ ஓர் ஊரளவுக்குப் பெரிதாக ஒலிக்கிறது. உப்பளத்திலும் பாத்தி உண்டு. அங்கே தேங்கும் நீர் வற்றி உப்பு படிகிறது. நம் பாத்தியிலும் நீர்மம் வற்றி வண்ணம் படிகிறது. வடிவம் எப்படி இருந்தாலும் நடப்பது அதுதான் என்பதால் பாத்தியை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். பாய்ச்சிய பிறகு பலகை சமதளத்தில் அசையாமல் கிடக்க வேண்டும் என்பதையும் இந்தச் சொல் நினைவூட்டுகிறது. சாய்ந்தால் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் காயும்.

காயும் நேரம் எவ்வளவு என்று பட்டியலில் ஒரே எண்ணைக் கொடுப்பது வேண்டாம் என்பது என் கருத்து. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது வரப்பு விறுவிறுவென்று இறுகிவிடும், குழாய் முனையிலும் பசை காய்ந்து அடைத்துக்கொள்ளும். குண்டூசியைச் செருகியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். நகத்தால் அழுத்தித் தடம் விழவில்லை என்றால் பாய்ச்சலாம் என்று எழுதுவதே பயன்படும். சுடும் வகை மட்டும் விதிவிலக்கு. பெபேயோ நிறுவனத்தின் விட்ரியா 160 போன்ற நீர்வழி வண்ணத்தை ஒரு நாள் உலரவிட்டு, 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் ஓவன் அடுப்பில் சுட வேண்டும். அதற்கு அதே இனத்தைச் சேர்ந்த வரப்புப் பசைதான் வேண்டும். அதைச் ‘சுடுவரப்பு’ என்று தனி உள்ளீடாக வைக்கலாம்.

கடைசியாக, ஈயப் பட்டை. தேவாலயச் சாளரத்தில் கண்ணாடித் துண்டுகளைக் கோக்கும் பட்டைக்கும் ‘ஈய வரப்பு’ என்று பெயரிடலாமே என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டார். கூடாது என்கிறேன். இரண்டு பக்கமும் பள்ளம் வைத்து வார்த்த அந்தப் பட்டைக்குள் கண்ணாடி விளிம்பு செருகிக்கொள்கிறது, மூட்டுகளைப் பற்றவைக்கிறார்கள். அங்கே எந்த நீர்மமும் தேங்கவில்லை. அது தாங்கும் சட்டம். வீட்டு வேலைக்காக விற்கும் ஒட்டு ஈயப்பட்டியின் நிலை வேறு: பின்புறப் பசையால் கண்ணாடியின்மேல் ஒட்டி, அதற்குள் வண்ணம் பாய்ச்சுகிறார்கள் என்பதால் அது வரப்புதான். தொட்டபின் கைகழுவ வேண்டும் என்ற எச்சரிக்கையோடு ‘ஒட்டுவரப்பு’ என்று குறிக்கலாம். கோக்கும் பட்டைக்கு ‘ஈயச்சட்டம்’ பொருந்துமா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன். மறுப்பு இல்லையென்றால் ‘புறக்கோடு’ இருக்கும் இடத்தில் ‘வரப்பு’ என்று மாற்றிவிடும்படி பட்டியல் பொறுப்பாளரை வேண்டுகிறேன்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து