பேசாத பீனும் பேசும் கோமாளியும்: ஒரு தருமபுரி பஞ்சாயத்து

கெலமங்கலத்தான் | ஞாயிறு இரவு 9.12

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்காக நடந்த சண்டைகளை எழுதினால் பாரதம் ஆகிவிடும். பாட்டிக்குக் கன்னடம், அம்மாவுக்குத் தெலுங்கு, அப்பாவுக்கும் எனக்கும் தமிழ். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் நிறைய வீடுகளில் இதே கதைதான். தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004-ல் போகோ என்ற சிறுவர் சேனலும் வந்தது. அதில் அதிகம் பேசாமலே சிரிக்க வைக்கும் இங்கிலாந்து காமெடித் தொடர் மிஸ்டர் பீன் ஓடும் நேரம் மட்டும் ரிமோட் அநாதையாக டிவி மேலேயே கிடக்கும்.

நேற்று மறுபடி ஒரு எபிசோடு பார்த்தேன். பிறந்தநாளுக்கு பீன் தனியாக ஹோட்டலுக்குப் போவானே, அது. மேசையில் உட்கார்ந்து தனக்குத்தானே வாழ்த்து அட்டை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கொஞ்ச நேரம் கழித்து அப்போதுதான் பார்க்கிற மாதிரி எடுத்துப் பிரித்து ஆச்சரியப்படுவான். அப்புறம் பேர் புரியாமல் ஒரு பதார்த்தத்தைச் சொல்லிவிடுவான். வருவது பச்சைக் கறி. கொத்தி உருட்டி, நம்ம ஊர்க் களி உருண்டை மாதிரி தட்டில் இருக்கும். சாப்பிடவும் முடியாது, திருப்பி அனுப்பவும் கூச்சம். பூ ஜாடிக்குள் கொஞ்சம், சர்க்கரைக் கிண்ணத்தில் கொஞ்சம், பன்னைக் குடைந்து உள்ளே கொஞ்சம் என்று ஒளிக்க ஆரம்பிப்பான். கறி வாசமே ஆகாத எங்கள் பாட்டி வெற்றிலை புரைக்கேறும் வரை சிரித்தது இதற்குத்தான்.

பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் மொத்தமே 15 எபிசோடுதான் செய்தார், 1990 முதல் நாளில் தொடங்கி. நம் இரண்டு மாவட்டத்துக்கும் இவரளவுக்குப் பொருந்திய டிவி காமெடியன் வேறு யாரும் இல்லை என்பது என் கட்சி. பாஷை இல்லாததுதான் அவர் பலம். மறுப்பவர்கள் வரலாம்.

கூத்தாடி வீட்டுப் பையன் | 9.40

வந்துவிட்டேன் அண்ணே. பீனைப் பழிக்க வரவில்லை, நானும் சிரித்தவன்தான். ஆனால் பாஷை இல்லாததைப் பலம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

நாங்கள் பென்னாகரம் பக்கம். எங்கள் தாத்தா கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். கோமாளி என்றும் சொல்வோம். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று சலங்கையைக் குலுக்குவான். கோமாளி முன்னால் வந்து, "யாரப்பா நீ, எந்த ஊரு?" என்பான். "அஸ்தினாபுரம்!" என்று உள்ளே இருந்து கர்ஜனை வரும். "அஸ்தினாபுரமா? பாப்பாரப்பட்டி வழியா வர்ற பஸ்ஸா, இல்ல இண்டூர் வழியா?" என்பான். அந்த ஊருக்கு இரண்டு நாளாகப் பஸ் வந்திருக்காது. கூட்டம் பத்து நிமிஷம் அடங்காது. மறுநாள் ராத்திரி பக்கத்து ஊரில் அதே இடத்தில் பஸ் போய் ரேஷன் அரிசி வரும்.

பீனுக்கு எந்த ஊர்? ஆரம்பத்தில் வானத்திலிருந்து ஒரு வெளிச்சத்தில் பொத்தென்று விழுகிறான். எந்த ஊரிலும் ஒட்டாதவன் எல்லா ஊரையும் சிரிக்க வைக்கலாம். ஆனால் எந்த ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான்.

பட்டாபி ரசிகை | 9.58

கூத்துத் தம்பிக்கு என் ஓட்டு. தருமபுரி டவுனில் எங்கள் தெருவே சன் டிவியில் சின்ன பாப்பா பெரிய பாப்பா பார்த்து வளர்ந்தது. பட்டாபியாக வந்த எம்.எஸ்.பாஸ்கர் டப்பிங்கிலிருந்து வந்தவர். அவர் குரலை எடுத்துவிட்டால் பட்டாபி யாரோ ஒரு மாமா. நினைவு வந்தால் நடையா நினைவு வருகிறது? குரல்தான் வருகிறது. அதே மனிதர் 'பார்க்கிங்' படத்துக்குச் சிறந்த துணை நடிகராகத் தேசிய விருது வாங்கியிருக்கிறார். சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அதே குரலில் அங்கே எரிச்சலும் பிடிவாதமும் இருக்கும். பேச்சு வைத்திருக்கிறவனுக்குப் போக நாலு ஊர் இருக்கிறது. பீன் பீனாகவே இருந்துவிட்டான்.

மூணு சக்கரம் | 10.15

கிருஷ்ணகிரியில் ஆட்டோ ஓட்டுகிறேன். உங்கள் சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி. அந்த நீல நிற மூணு சக்கர வண்டிக்காரன் என்ன பாவம் செய்தான்?

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, அச்சு அசல் நம்ம ஆட்டோ. பீன் போகிற வழியில் எங்கே பார்த்தாலும் அதைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். என் பையன் ஒவ்வொரு தடவையும் கைதட்டிச் சிரிப்பான். நான் மட்டும் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டப் போகிற தேதியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பாலக்கோடு வாத்தியார் | 10.31

மூணு சக்கரம் கேட்டது சிரிப்புக்கான கேள்வி மட்டும் இல்லை. பீன் அப்பாவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதல் எபிசோடில் பரீட்சை எழுத வருவானே, ஞாபகம் இருக்கிறதா? படித்தது திரிகோணமிதி. உறையைப் பிரித்தால் கால்குலஸ். பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்க்க என்னென்னவோ செய்வான். கடைசியில் நேரம் முடிந்ததும் மேற்பார்வையாளர், கால்குலஸ் எழுதியவர்கள் தாளை ஒரு பெட்டியிலும் திரிகோணமிதி எழுதியவர்கள் இன்னொரு பெட்டியிலும் போடுங்கள் என்பார். அவன் உறைக்குள் கை விட்டால் அவன் படித்த தாள் உள்ளேயே இருக்கும்.

நான் பல வருஷம் பிளஸ் டூ தேர்வு அறையில் நின்றவன். அந்த முகத்தை நிஜத்தில் பார்த்திருக்கிறேன். வினாத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பாமலே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன், மணி அடித்த பிறகு திருப்பிப் பார்த்தான். எனக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு பாதிதான் வரும்.

ஆனால் அவன் பிட் அடிக்கப் பார்த்ததும் நிஜம். கிறிஸ்துமஸ் எபிசோடில் அவன் காதலி நகைக்கடை ஜன்னலில் மோதிரத்தைக் காட்டினால், இவன் பக்கத்தில் இருந்த விளம்பரப் படத்தை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பான். சின்னப் பெட்டி ஒன்றையும் நீட்டுவான். அவள் முகம் மலரும். திறந்தால் படம் மாட்டுகிற கொக்கி. அழுதுகொண்டே போய்விடுவாள். தன் கரடி பொம்மைக்கு மட்டும் பார்த்துப் பார்த்துப் பரிசு வாங்கியிருப்பான். இதை அப்பாவித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். தன்னைத் தவிர வேறு ஆள் இருப்பதே தெரியாதவன் அவன்.

கெலமங்கலத்தான் | 10.50

சார், வளர்ந்த உடம்புக்குள் இருக்கும் குழந்தை என்று அட்கின்சனே சொன்னதுதான். ஐந்து வயதுப் பையன் தங்கச்சி மிட்டாயைப் பிடுங்குகிறானே, அவனைக் கெட்டவன் என்பீர்களா?

பாலக்கோடு வாத்தியார் | 10.54

பிடுங்கினால் முட்டி போடச் சொல்வேன்.

மூணு சக்கரம் | 10.57

சார் சொல்வது சரி. நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். அட்கின்சன் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவராம், அதுவும் ஆக்ஸ்போர்டில். தொடரில் கதவுக்குப் பூட்டு மாட்டின சின்ன மினி கார். நிஜத்தில் மெக்லாரன் எஃப்1 என்ற அதிவேகக் கார் வைத்திருந்தார். அதை இரண்டு தடவை இடித்திருக்கிறார், 1999-ல் ஒன்று, 2011-ல் ஒன்று. எனக்கு மனசு ஆறிவிட்டது. நீல வண்டிக்காரன் சாபம் சும்மா விடவில்லை.

கூத்தாடி வீட்டுப் பையன் | 11.05

கெலமங்கலம் அண்ணே, வண்டியை வேறு ரோட்டில் விடாதீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது. பேச்சில்லாமல் நடிப்பது நமக்குத் தெரியாததும் இல்லை. 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணமாகவே நடித்தார். கண் இமைக்காமல், விரல் அசைக்காமல், தூக்கிய பக்கம் சாய்ந்துகொண்டு. பீனாவது முகத்தைச் சுளிக்கிறான், நாகேஷுக்கு அதுவும் கிடையாது. ஆனால் அது ஒரு கலைஞன் ஒரு தடவை காட்டிய வித்தை. வாழ்நாளெல்லாம் பிணமாக நடித்திருந்தால் நமக்கு நாகேஷ் கிடைத்திருப்பாரா?

கெலமங்கலத்தான் | 11.26

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் பெரியம்மா மகனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. என்னைவிட இரண்டு வயது பெரியவன். லீவுக்கு வந்தால் எங்களோடு டிவி முன்னால் உட்காருவான். தமிழ் காமெடி ஓடும்போது எங்கள் வாயைப் பார்ப்பான், டிவியைப் பார்க்க மாட்டான். நாங்கள் சிரித்ததும் ஒரு நொடி தாமதமாக அவனும் சிரிப்பான். அது சிரிப்பு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

பீன் வந்தால் கதை மாறும். பூங்கா பெஞ்சில் சாண்ட்விச் செய்வானே, அந்தக் காட்சி. ரொட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டுவான். கீரையைக் கழுவித் தன் காலுறைக்குள் போட்டுச் சுழற்றித் தண்ணீரை உதறுவான். மிளகைக் கைக்குட்டையில் வைத்து ஷூவால் அடிப்பான். வெந்நீர்ப் பையில் டீ. பக்கத்தில் இருக்கிற மனிதர் தன் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். என் அண்ணன் காலுறை வெளியே வந்த உடனேயே சிரித்துவிடுவான். டிவியில் சிரிப்புச் சத்தம் அதற்கு அப்புறம்தான் வரும். நாங்கள் அதற்கும் அப்புறம். அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டில் முதலில் சிரிக்கிறவன் அவன்தான்.

கோமாளி ஊரைப் பற்றிப் பேசுவான், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊருக்குள்ளேயே அவன் பேச்சுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற ஆளும் இருக்கிறான் தம்பி.

பட்டாபி ரசிகை | 11.41

இதற்கு மேல் நான் என்ன எழுத. ஆனாலும் பட்டாபியை விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஒன்று மட்டும். பீன் முழு ஊமை இல்லையே. தொண்டைக்குள்ளிருந்து இழுத்து 'பீன்' என்று பேர் சொல்வான். அந்த ஒரு சொல்லுக்கே நாங்கள் விழுந்து சிரிப்போம். அட்கின்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய், அதிலும் 'ப' எழுத்தில் மாட்டுவார். மாட்டுகிற எழுத்திலேயே தன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார் மனிதர். அதனால் அதுவும் குரல் நடிப்புதான். என் கட்சியில் பாதி அவருக்கும் உண்டு.

மூணு சக்கரம் | 11.44

முதலில் பேர் முடிவாகாமல் காலிபிளவர் என்று வைக்கலாமா என்றும் யோசித்தார்களாம். பேர் அதுவாகியிருந்தால் அக்கா, குரல் நடிப்பெல்லாம் பஜ்ஜி கடையில்தான்.

பாலக்கோடு வாத்தியார் | 11.50

கெலமங்கலத்தான், உங்கள் அண்ணன் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது பீனின் மனசுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் இல்லை, அவன் முதுகெலும்புக்குக் கிடைத்தது. அட்கின்சன் உடம்பைப் பழக்கியிருக்கிறார், பீன் இன்னும் சுயநலக்காரன்தான். இரண்டையும் கலக்காதீர்கள். தூங்கப் போகிறேன், காலையில் பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும்.

கூத்தாடி வீட்டுப் பையன் | 12.02

அண்ணே, அரை மணி நேரமாக எழுதி எழுதி அழிக்கிறேன். என் கட்சி மாறவில்லை. பேச்சுதான் கோமாளி. ஆனால் நீங்கள் சொன்னதும் தாத்தாவின் இன்னொரு வேலை ஞாபகம் வந்தது. ராஜா வேஷம் திரைக்குப் பின்னால் ஆடும்போது அவர் முன்னால் நின்று, அதே அடவைக் கால் பிசகிப் பிசகி ஆடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்காருவதே அதற்குத்தான். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

கெலமங்கலத்தான் | திங்கள் காலை 7.20

அண்ணன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். விடியற்காலை வந்து இதை முழுதும் படித்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் முதலில் பீன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் அந்த ஜிஃப் வந்தது. அப்புறம் ஒரே வரி: "கூத்து எப்போ, எங்கே?"

கூத்தாடி வீட்டுப் பையன் | 7.48

இந்த வருஷம் எங்கள் ஊரில் பாரதம் வைத்தால் முதல் தகவல் அவருக்குத்தான். நடுவில் உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள். மிருதங்கக்காரருக்கு எதிர்ப்பக்கம், திரைக்கு ஓரமாகப் பாய் போட்டு வைக்கிறேன். திரை பிடிக்கும்போது ராஜா உள்ளே ஆடுவதும் கோமாளி வெளியே பிசகுவதும் அங்கிருந்துதான் ஒன்றாகத் தெரியும்.

மூணு சக்கரம் | 7.55

பஸ் ஸ்டாண்டிலிருந்து பென்னாகரம் வரை நான் கொண்டுவந்து விடுகிறேன். வழியில் மினி கார் வராமல் இருக்க வேண்டும்.