புதுப்பிப்பு: போக்கரில் சின்ன ஜோடியோடு ரெய்ஸை எப்போ கால் பண்றது?

போன மாசம் கேட்டிருந்தேன்: கையில் சின்ன ஜோடி (ஒரே எண்ணில் ரெண்டு சின்னச் சீட்டு), ஃப்ளாப்புக்கு (மேசையில் திறக்கிற முதல் மூணு பொதுச் சீட்டு) முன்னாடியே எதிராளி ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏத்துறார்; கால் பண்ணலாமா, அதாவது அதே தொகையைப் போட்டுத் தொடரலாமா? பதில் சொன்னவங்களுக்கு நன்றி.

கைகொடுத்தது '15 மடங்கு' யோசனைதான். கால் தொகையைப் போல அத்தனை மடங்காவது ரெண்டு பேர்கிட்டயும் சிப்ஸ் (பந்தய வில்லைகள்) இருக்கணும். ஃப்ளாப்பில் அதே எண்ணில் மூணாவது சீட்டு சேர்றது சுமார் 8.5 தடவைக்கு ஒரு தடவைதானே. சேர்ந்தாலும் எதிராளி எப்பவும் தன் சிப்ஸை முழுசாகக் கொடுக்கமாட்டார்.

நேற்று கையில் ரெண்டு அஞ்சு. ரெய்ஸ் 60, எதிராளிகிட்ட மிச்சம் 400. ஃபோல்டு பண்ணினேன், அதாவது சீட்டைப் போட்டுட்டு விலகினேன். ஃப்ளாப்பில் முதல் சீட்டே அஞ்சு! வயிறு எரிஞ்சுது. ஆனா முடிவு சரிதான்.

எதிர்பாராதது: குறிச்சு வெச்சுப் பார்த்தா, அதிகம் இழந்தது ஜோடியில் இல்லை, கிங்-ஜாக்கில். மேசையில் கிங் விழும், எதிராளிகிட்ட ஏஸ்-கிங் இருக்கும்; ரெண்டு பேருக்கும் கிங் ஜோடி, ஆனா ஏஸ் பெரிசு. கிங்-ஜாக்கை வெச்சு இப்போ ரெய்ஸை கால் பண்றதே இல்லை.