தெருவில் யாரும் படுக்கவில்லை என்றால் வீடற்றவர் இல்லை என்று அர்த்தமா?

மழைக்குருவி கேட்டது:

எங்கள் கிராமத்தில் வீடில்லாதவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று சிலர் சேர்ந்து கிளம்பினோம். ஊர்க்கூட்டத்தில் பேச்சை எடுத்ததுமே, "தெருவில் படுப்பவர் யார் இருக்கிறார், காட்டுங்கள்" என்று கேட்டுவிட்டார்கள். காட்ட முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பையன் வீடு மாற்றி வீடு தங்குகிறான். பள்ளிப் பையில் புத்தகங்களுக்கு அடியில் மாற்று உடுப்பு மடித்து வைத்திருக்கிறான். இவர்களை எப்படிக் கணக்கெடுப்பது?

பழைய பென்சில்:

பக்கத்து நகரத்தில் தங்கும் விடுதி இருந்தால் அங்கே சேர்த்துவிடலாமே?

களத்துமேடு:

கிராமப்புறங்களில் களப்பணி செய்பவள் நான். அந்தப் பையன்தான் உங்கள் கணக்கில் முதல் ஆள். கிராமத்தில் வீடிழந்தவர் தெருவுக்கு வருவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் உறவுக்காரர் வீட்டுக் கூடம், வேலை பார்க்கும் இடத்து மோட்டார் கொட்டகை, ஓடாத வண்டி, கூரை பாதி போன சொந்த வீடு என்று ஒண்டிக்கொண்டே இருப்பார். எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் "எனக்குப் போக்கிடமில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது லேசல்ல.

கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் வீடற்றோருக்காக உழைக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியான்ட்சா, யார் யார் வீடற்றவர் என்று வகைப்படுத்த 2005-இல் கொண்டுவந்த எத்தோஸ் வகைப்பாட்டில், கூரையே இல்லாதவர் ஒரு வகைதான். விடுதியில் தங்குபவர், எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்று இருப்பவர், குடியிருக்கத் தகாத இடத்தில் இருப்பவர் எல்லோரும் அதில் அடக்கம். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, வீடிழந்து பிறர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையைப் பள்ளி வீடற்ற பிள்ளையாகவே நடத்த வேண்டும். அதே நாட்டில் தெருவிலும் விடுதியிலும் இருப்பவரை மட்டும் ஜனவரியில் ஒரே இரவில் எண்ணும் வீடற்றோர் கணக்கில் அந்தப் பிள்ளை வராது!

ஆகவே "வீடு இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள், அடுத்த மாதமும் அங்கே இருக்க முடியுமா, போகச் சொன்னால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியர், செவிலியர், தபால்காரர் ஆகியோருக்கு நிறையத் தெரியும். ஆனால் அவர்களிடம் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள், விவரம் வேண்டாம். சின்ன ஊரில் பெயர் எழுதாவிட்டாலும் "இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கும் தச்சர்" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நகரத்து விடுதி பற்றி: அங்கே அனுப்பினால் வேலை, பள்ளி, தெரிந்த முகங்கள் எல்லாமே போய்விடும். பலருக்குத் தேவை ஒழுகும் கூரைக்கு ஒரு பழுதுபார்ப்பு, அல்லது வாடகை பாக்கிக்குக் கொஞ்சம் அவகாசம். வேலையோடு சேர்த்து வீடு கிடைத்தவர்களை முக்கியமாகக் கவனியுங்கள். வேலை போன அன்றே அவர்களுக்கு வீடும் போய்விடுகிறது.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் உங்கள் ஊரிலும் இருக்கும். குடிவைத்தால் திரும்பக் காலி செய்வார்களா என்று உரிமையாளர்கள் தயங்குவார்கள், அந்தப் பயம் நியாயமானதே. உள்ளாட்சியோ ஓர் அறக்கட்டளையோ நடுவில் நின்று, காலவரம்போடு ஒப்பந்தம் போட்டு, பழுதுபார்த்த செலவை வாடகையில் கழித்தால் பலர் சம்மதிப்பார்கள்.

நிபந்தனை போடாமல் முதலில் வீடு, பிறகு மற்ற உதவி என்ற முறை 1992-இல் நியூயார்க்கில் தொடங்கியது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலக் கிராமப்புறங்களுக்கு அதைக் கொண்டுபோனபோது தூரம்தான் பெரிய தடை. அப்படி வீடு பெற்றவர்களுக்குக் கணினி கொடுத்து, நேரில் போகாத நாட்களில் பணியாளர்கள் வீடியோவில் பேசினார்கள்.

மழைக்குருவி:

நன்றி அக்கா. அடி உதைக்குப் பயந்து வெளியேற நினைக்கும் பெண்களையும் இதே பட்டியலில் சேர்க்கலாமா?

களத்துமேடு:

வேண்டாம். கிராமத்துக்குள் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் மறுநாளே அடித்தவனுக்குத் தெரிந்துவிடும். தூரத்து விடுதி சரியாக வருவது இவர்களுக்குத்தான். கணக்கெடுக்கப் போகும்போது கணவர் அருகில் இருந்தால் அந்தக் கேள்விகளையே எடுக்காதீர்கள். அவர்கள் தனியாக வரும் இடத்தில், முடிந்தால் செவிலியர் மூலம் கேளுங்கள்.