புதுப்பிப்பு: பார்க்காமல் பேசிய பெங்களூர் ஸ்விஃப்ட் வீட்டுக்கு வந்துவிட்டது

நாகர்கோவிலில் இருந்துகொண்டே, பெங்களூரில் நிற்கும் 2016 ஸ்விஃப்ட் காரை நேரில் பார்க்காமல் வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டேன். நேற்று இரவு வண்டி வந்து சேர்ந்தது.

முழுப் பணத்தையும் முதலிலேயே அனுப்பாதே என்று சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஊர் மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து, வீடியோ காலில் கூடவே இருந்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்கச் சொன்னேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை தெரியும். சுத்தமாக இருந்தது. டயரில்தான் மாட்டியது. 'புது டயர்' என்றார் விற்றவர். பக்கவாட்டில் 2317 என்று இருந்தது, அதாவது 2017-இன் 23ஆவது வாரத்தில் தயாரானது! நாலு டயருக்கும் சேர்த்து விலையைக் குறைத்தார்.

விற்றவரின் கார் கடன் முடிந்ததற்கு வங்கி கையெழுத்திட்ட படிவம் 35, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தந்த தடையில்லாச் சான்று இரண்டும் கைக்கு வந்த பிறகே மீதியைக் கொடுத்தேன். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், வரியும் உண்டு. அடுத்து அந்த வேலைதான்.

காலையில் அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்புறம் சுசீந்திரம் வரை போய்வந்தோம்.