செட்டிநாட்டு வீட்டில் நார்மண்டி கப்பலை எங்கே நிறுத்துவது?

வளவுக்காரன், கோட்டையூர்

நான் சேகரிக்கும் வீடியோ கேம் கதாபாத்திரங்களின் பி.வி.சி. பிளாஸ்டிக் உருவங்கள் கையில் ஒட்டத் தொடங்கினால் என்ன செய்வது, பழைய தேக்கு பீரோவுக்குள் விளக்குப் போடலாமா, முப்பரிமாண அச்சில் எடுத்த சிலை எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலைத் தாங்குமா. கேள்விகள் இவ்வளவுதான். பின்னணி தெரியாமல் பதில் சொல்வது கடினம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் என் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம்.

சென்னை வாடகை வீட்டை விட்டுவிட்டு எங்கள் பெரிய வீட்டுக்கே குடிவந்துவிட்டேன். பெரிய வீடு என்பது பெயரளவில்தான், பங்காளிகள் பலர். எங்கள் பங்குக்கு வளவின், அதாவது உள்முற்றத்தின், மேற்குப் பத்தியில் ஓர் அறை, அதை ஒட்டி ஓர் உள்ளறை. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பச்சி வரைக்கும் சம்மதம் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி இறக்க எனக்கே கை வராது.

சேகரிப்பு முழுக்க மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேம் சார்ந்தது. கனடாவின் எட்மண்டனில் இருக்கும் பயோவேர் நிறுவனம் 2007-ல் முதல் பாகத்தை வெளியிட்டது. விண்வெளியில் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுகளை அதற்கு முன்பும் ஆடியிருக்கிறேன். சுட்டு முடித்தபின் கப்பலுக்குத் திரும்பி, அறை அறையாகப் போய் ஒவ்வொருவரையும் நலம் விசாரிக்க வைத்தது இது ஒன்றுதான். எல்லாரும் ஒரே கூரையின்கீழ், ஆளுக்கொரு மூலை, யாருக்கும் யாரோடும் முழுச் சமாதானம் கிடையாது. பங்கு வீட்டில் வளர்ந்தவனுக்கு நார்மண்டி என்ற அந்தக் கப்பல் அந்நியமாகவே தோன்றவில்லை.

2010-ல் வந்த இரண்டாம் பாகத்தில் நாம் ஆடும் பாத்திரமான தளபதி ஷெப்பர்டின் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. போகிற இடங்களின் கடைகளில் குட்டிக் கப்பல் மாதிரிகளை வாங்கினால், அடுத்த முறை அறைக்குத் திரும்பும்போது அவை அங்கே வரிசையாக நிற்கும். மனித இனமே கூண்டோடு அழியப்போகிறது. அந்த நேரத்தில் அவர் பொம்மைக் கப்பல் வாங்குகிறார்! எனக்கும் அப்படி ஓர் அலமாரி வேண்டும்.

அப்பத்தா பெரிய மனது வைத்துத் தன் கண்ணாடிக் கதவு பீரோவைக் கொடுத்துவிட்டார். எனாமல் தூக்குகளும் பீங்கான் சாடிகளும் குடியிருந்த பீரோ. ஒரே நிபந்தனை, தட்டுக்குத் தட்டு பாச்சை உருண்டை போட வேண்டுமாம். அப்பச்சி விலையை மட்டும் கேட்டார். பாதியைச் சொன்னேன். அதற்கே எழுந்து முகப்புக்குப் போய்விட்டார்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஷெப்பர்டின் கப்பல் தோழர்களான காரஸ், டாலி, கிரண்ட் மூவரும் கோடை முழுக்க அட்டைப் பெட்டிக்குள் கிடந்தார்கள்; எடுத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறார்கள். தூசி படிந்து காரஸுக்குத் தாடி முளைத்திருக்கிறது. டார்க் ஹார்ஸ் நிறுவனம் வெளியிட்ட நார்மண்டி எஸ்ஆர்-2 கப்பல் மாதிரி நன்றாக இருக்கிறது. ஷெப்பர்டு அணியும் என்-7 தலைக்கவசமும் அப்படியே. 2021-ல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தபோது, விளையாட்டு இல்லாமல் பொருள்களை மட்டும் போட்டு விற்ற பெட்டியில் வந்தது, உள்ளே விளக்கெரியும். அறைக்கு மேற்கே ஒரு சன்னல் இருக்கிறது. இன்னொரு தோழரான மோர்டினுக்குச் சிலை எங்கும் கிடைக்கவில்லை, அச்சிட்டுத் தருவதாக மதுரையில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?


தூரிகை, காரைக்குடி

முதலில் போய் அந்தப் பாச்சை உருண்டைகளை எடுத்துவிட்டு வாருங்கள். மீதிப் பதில் ஓடிப்போய்விடாது.

அது நாப்தலீன். திடப்பொருளாக இருந்தே ஆவியாகும். மூடிய பீரோவுக்குள் அந்த ஆவி தங்கும். சிலவகை பிளாஸ்டிக்குகளை, குறிப்பாக பாலிஸ்டைரீனை, அது இளக வைத்துவிடும். தொட்டுக்கொண்டிருந்தால் உருண்டை இருந்த இடத்தில் குழியே விழும். பட்டுச்சேலைக்கு வைத்த பழக்கத்தில் அப்பத்தா சொல்கிறார். பொம்மையைப் பூச்சி தின்னாது, அது வந்த அட்டைப் பெட்டியைத்தான் தின்னும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் மனது ஆறவில்லையென்றால் வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள்.

பிசுபிசுப்பு அழுக்கினால் வருவதல்ல. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளையவைக்க எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டி ஒன்றைச் சேர்க்கிறார்கள். வெப்பத்தில், அதுவும் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல் தூரிகையால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம், சாயத்தோடு போய்விடும். கொஞ்ச காலம் கழித்து மறுபடி ஒட்டும், மறுபடி கழுவுங்கள். பீரோக் கதவை அவ்வப்போது திறந்து காற்றாட விட்டால் இடைவெளி கூடும். கால் வளைந்து சாய்ந்து நிற்கிற உருவம் இருந்தால், அந்தக் காலை மட்டும் வெந்நீரில் காட்டி நிமிர்த்திப் பிடித்து உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள், அப்படியே நின்றுவிடும்.

மேற்குச் சன்னல் எதிரே பீரோவை வைக்காதீர்கள். கண்ணாடி புற ஊதாக் கதிரை முழுவதும் தடுப்பதில்லை. உங்களுக்கு உள்ளறை இருக்கிறதே, நம்மூர் வீடுகளில் மே மாதத்திலும் குளிர்ந்து கிடப்பது அதுதான். அங்கே வைத்துவிட்டு எல்.இ.டி. பட்டை விளக்குப் போடுங்கள், அதில் புற ஊதா மிகக் குறைவு. மின்மாற்றிப் பெட்டியை மட்டும் பீரோவுக்கு வெளியே வையுங்கள், சூடாவது அதுதான். தேக்கில் துளை போட வேண்டாம், பின்பலகை இடுக்கு வழியாகவே கம்பி போகும்.

தலைக்கவசத்தில் பேட்டரி இருக்கிறதா? உடனே கழற்றுங்கள். மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பேட்டரியைக் கசிய விட்டால் ஊருக்கே கெட்ட பெயர். அல்கலைன் பேட்டரி கசிந்து ஏற்கெனவே வெள்ளைப் பொடி பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள்.

அச்சுச் சிலை பற்றி: மதுரைக்காரர் எந்தப் பொருளில் எடுக்கிறார் என்று கேளுங்கள். பி.எல்.ஏ. இழை என்றால் 60 டிகிரி வாக்கில் இளகும். அறைக்குள் அந்தச் சூடு வராது, ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வரும், ஆகையால் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். மோர்டினின் முகச் சுருக்கம் தெரிய வேண்டுமென்றால் ரெசின்தான் சரி. அது ஒளியால் இறுகுகிற பொருள். வெயிலில் வைத்தால் இறுகிக்கொண்டே போய் மஞ்சளித்து நொறுங்கும். அடிப்பூச்சு, சாயம், மேலே மங்கலான வார்னிஷ் என்று மூன்றையும் முழுமையாகக் கொடுங்கள். சாயம் அடிக்கத் துணை வேண்டுமென்றால் வருகிறேன். மோர்டினின் இனமான சலாரியன்களின் தோல் நிறத்தைக் கலக்க எனக்கு வெகுநாளாக ஆசை.


தேவகோட்டை ஆச்சி

தூரிகை சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தம்பி, எந்தத் தட்டில் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே? எனக்கு முக்கியம் அதுதான்.

பலபேருடைய அலமாரிகளைப் படத்தில் பார்க்கிறேன். விலை அதிகமானது நடுவில், மலிவானது ஓரத்தில். நகைக்கடை சன்னலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது, வீட்டில் எதற்கு? இந்த விளையாட்டின் உயிரே, முதல் பாகத்தில் நாம் எடுத்த முடிவு சேவ் கோப்பாக இரண்டாம் பாகத்துக்கும், அங்கிருந்து 2012-ல் வந்த மூன்றாம் பாகத்துக்கும் போவதில் இருக்கிறது. விர்மயர் என்ற கோளில் தோழன் ரெக்ஸைப் பேசிச் சமாதானப்படுத்தவில்லையென்றால் அவன் அங்கேயே முடிந்தான். ஆஷ்லியா கெய்டனா என்று, தோழர்கள் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். இரண்டாம் பாகத்தின் கடைசிப் படையெடுப்பில் ஷெப்பர்டு உட்பட யார் வேண்டுமானாலும் சாகலாம். ஆகவே உங்கள் காரஸும் என் காரஸும் ஒருவரல்ல. அலமாரியைப் பார்த்தால் உங்கள் கதை தெரிய வேண்டும்.

என் கதையில் ரெக்ஸ் செத்துவிட்டான். அவனுடைய உருவம் நல்ல விலைக்கு வந்தும் நான் வாங்கவில்லை. என் மகன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

தலைக்கவசத்தைத் தட்டில் ஏற்றாதீர்கள், மேசையில் வையுங்கள். இரண்டாம் பாகத்தில் பழைய நார்மண்டி விழுந்து கிடக்கும் பனிக்கோளுக்குப் போவோமே, இறந்துபோன இருபது பேரின் அடையாள வில்லைகளைப் பொறுக்குகிற இடம். சண்டை கிடையாது, ஓர் எதிரி கிடையாது. அங்கே கிடைக்கிற பழைய தலைக்கவசம் பிறகு ஷெப்பர்டின் மேசையில்தான் இருக்கும். மற்ற விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் அந்தக் கோளில் ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. நம் வீடுகளில் கல்யாணச் சாமான்களுக்கு நோட்டுப் போட்டு எழுதி வைப்பார்கள் இல்லையா, அதுபோல் இதற்கும் ஒன்று போடுங்கள். எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கியது, கழுவிய தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். விலைப் பத்தியை அப்பச்சி கண்ணில் படாமல் மறைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.


முத்திரை உடையாதவன், சென்னை

பிரித்துவிட்டீர்களே என்று வயிறு எரிகிறது. அட்டைப் பெட்டி இல்லாவிட்டால் மறுவிற்பனையில் விலை பாதியாகிவிடும். வெளிநாட்டிலிருந்து இன்னொன்று வரவழைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. அதற்குமேல் மற்ற வரிகளும் உண்டு. வெளியே எடுத்தவற்றின் பெட்டிகளையாவது தட்டையாக மடித்து, அமிலமில்லாத தாளில் சுற்றி, தரையில் படாமல் வையுங்கள். அச்சுச் சிலையெல்லாம் சேகரிப்பே இல்லை.


வளவுக்காரன், கோட்டையூர்

தூரிகை அண்ணே, உருண்டைகள் வெளியேறிவிட்டன, வசம்பு உள்ளே போய்விட்டது. அப்பத்தாவுக்கு முழுத் திருப்தி இல்லை. காரஸைக் குளிப்பாட்டினேன். தாடி போய் ஆள் பத்து வயது குறைந்துவிட்டான்.

முத்திரை உடையாதவரே, நான் விற்கப்போவதில்லை, ஆகவே பாதி விலை போனால் எனக்கென்ன? அச்சுச் சிலை சேகரிப்பே இல்லை என்பதையும் ஏற்கமாட்டேன். குரோகன் இனத்தின் பிறப்பையே முடக்கிய ஜீனோஃபேஜைத் திருத்திய அறிவியலாளர் மோர்டின். என் கதையில் அதற்கு மருந்து பரப்பத் தனியாக மின்தூக்கியில் ஏறிப் போனவரும் அவர்தான். கடையில் அவர் சிலை கிடைக்கும்வரை காத்திருந்தால் எனக்குத் தலை நரைத்துவிடும். சுங்கவரி கட்டி வந்தாரா மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தாரா என்று அவர் கேட்கமாட்டார்.

ஆச்சி, உங்களோடு ஓரிடத்தில் மட்டும் மோதுகிறேன். செத்தவர்களுக்கு இடமில்லை என்பது சரியில்லை. நம் வீடுகளில் முகப்பில் உயரத்தில் மாட்டியிருப்பது யாருடைய படம்? மோர்டின் நடுத்தட்டில்தான் நிற்பார்.


பிப்பாய், புதுவயல்

நான் ஃபால்அவுட் என்ற வேறொரு வீடியோ கேமின் ஆள், மன்னிக்க வேண்டும். ஆனால் அலமாரி என்றதும் ஓர் எச்சரிக்கை. 2015-ல் ஃபால்அவுட் 4 வந்தபோது கையில் மாட்டும் பிப்-பாய் கருவியோடு ஒரு சிறப்புப் பதிப்பு விற்றார்கள். உள்ளே கைப்பேசியைப் பொருத்த நுரைத் துண்டுகள் உண்டு. இன்றைய கைப்பேசிகள் அதற்குள் நுழையாது, அது கிடக்கட்டும். நுரை பாலியூரித்தேன் வகையாக இருந்தால் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் சிதைந்து, பிசினாகி, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் தலைக்கவசத்தின் உள்ளேயும் மெத்தை இருந்தால் ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் விரலால் அழுத்திப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அருகில் போட்டு வையுங்கள்.


தேவகோட்டை ஆச்சி

முகப்புப் படத்தைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள் தம்பி, நல்லது. ஆனால் மோர்டினை நடுவில் நிறுத்தினால் அவருக்குப் பக்கத்தில் கிரண்டைத்தான் நிறுத்த வேண்டும். மருந்து குரோகன்களுக்காக, குரோகனான அவனே தூரத்துத் தட்டில் நின்றால் எப்படி? மேல்தட்டில் நார்மண்டி மட்டும், வேறெதுவும் வேண்டாம். டாலியைக் கப்பலுக்கு நேர் கீழே வையுங்கள், எஞ்சின் அவள் பொறுப்பு. சாயம் அடிக்கிற நாளைச் சொன்னால் நானும் வருகிறேன். சலாரியன் தோல் நிறம் பற்றித் தூரிகையிடம் எனக்குச் சில கருத்துகள் உண்டு.