பைலட் பேரிங்குக்கு 'நுனிதாங்கி' சரிப்படுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பைலட் பேரிங் என்ற வண்டி உறுப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியது நான்தான். எதற்காகத் தொடங்கினேன் என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானும் நண்பர் ஒருவரும் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கு வேலை பார்த்தோம். 1962 முதல் 1980 வரை வந்த வண்டி, 1798 சிசி எஞ்சின். எஞ்சின் பிளாக்கும், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கும் பட்டறைக்குப் போய் வந்தன. கியர்பாக்ஸை நாங்களே பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிப் பூட்டினோம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தரையிலேயே கோத்து, கிரேனில் தொங்கவிட்டு, பின்பக்கத்தை நன்றாகத் தாழ்த்தி, ஒரே உருப்படியாக உள்ளே இறக்கினோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம். பிளக் போட்டதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். கிளட்சை முழுக்க மிதித்து ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கத்துகிறது. கிளட்ச் லைனில் இரண்டு தடவை காற்றெடுத்தும் அதே சத்தம். கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்தோம்.

கிராங்கின் பின்முனையில், பைலட் பேரிங்காக ஒரு சிறு குழல், அதாவது புஷ், இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. கிராங்கைக் கடைவதற்காகப் பழைய புஷ்ஷை எடுத்தவர்கள் புதிதைப் போடவில்லை. சரி, அது அவர்கள் தவறு. ஆனால் என் சரிபார்ப்புத் தாளில் 'பைலட்' என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு எதிரே நண்பர் டிக் போட்டிருந்தார். கேட்டால், "பைலட் லேம்ப் ரெண்டும் எரியுதே, பார்த்துத்தானே போட்டேன்" என்கிறார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது பொருளுக்கு வருகிறேன். கியர்பாக்ஸிலிருந்து முன்னால் நீளும் தண்டு கிளட்ச் தட்டின் நடுவே புகுந்து போகிறது. அதன் மெலிந்த நுனி, கிராங்கின் பின்முனையில் உள்ள துளைக்குள் போய் உட்காரும். அந்தத் துளையில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெண்கலப் புஷ் ஒன்று இருக்க வேண்டும். கிளட்ச் பிடித்திருக்கும்போது கிராங்கும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் புஷ்ஷுக்கு வேலையே இல்லை. கிளட்சை மிதித்த பிறகுதான் ஒன்று சுற்ற, மற்றொன்று நிற்க, இது இரண்டுக்கும் நடுவில் உரசலைத் தாங்குகிறது. இது இல்லாவிட்டால் தண்டின் நுனி அலையும். தட்டு முழுசாக விடுபடாது. எங்கள் ரிவர்ஸ் கத்தியதற்குக் காரணம் அதுதான்.

இனி வந்த பரிந்துரைகள்.

> விமானித் தாங்கி

இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டு நகர்வோம்.

> வழிகாட்டித் தாங்கி

தவறில்லை. ஆனால் இது 'பைலட்' என்று அமெரிக்கர் வைத்த உவமையின் நகல். பிரிட்டிஷ் கையேடுகளில் இதே உறுப்பு 'ஸ்பிகாட் புஷ்'. அங்கே உவமை பீப்பாய்க்கு அடிக்கும் ஆப்பு. ஆளுக்கோர் உவமை வைத்திருக்கிறார்கள், நாம் ஏன் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும்? போதாக்குறைக்கு வால்வு கைடை ஏற்கனவே 'வழிகாட்டி' என்று எழுதுகிறோம். என் நண்பர் அதற்கும் டிக் போடுவார்.

> பூண். உலக்கை நுனியில் போடுவதுபோல.

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க இதையே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் பூண் உலக்கையோடு இறுகிப்போனது, உலக்கையோடே எழும்பி விழும். நம்முடையது கிராங்கில் இறுகியிருக்கிறது. தண்டின் நுனி அதற்குள் வழுக்கிச் சுற்றுகிறது. படம் அழகு, பொருள் தலைகீழ்.

நான் வைப்பது: நுனிதாங்கி.

நுனித்தாங்கி அல்ல, த் போடாதீர்கள். சுமையைத் தாங்குவது சுமைதாங்கி, இடியைத் தாங்குவது இடிதாங்கி. அதே வரிசையில் நுனியைத் தாங்குவது நுனிதாங்கி. வல்லினம் மிகுந்தால் 'நுனியில் இருக்கும் தாங்கி' என்று கேட்கிறது. அப்போது எதன் நுனி என்ற குழப்பம் வரும், கிராங்கின் நுனியா, தண்டின் நுனியா என்று.

சில வண்டிகளில் அந்த இடத்தில் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங்கோ ஊசி உருளைகளோ இருக்கும். உறுப்பு எந்த வகையானாலும் பெயர் நிற்கிறது என்பது கூடுதல் வசதி.

*

மறுமொழி:

த் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி. புஷ் என்பதற்கும் தமிழ் வேண்டாமா? 'உள்வளையம்' என்று போட்டால் என்ன?

இன்னொன்று. கிளட்சைப் பூட்டும்போது தட்டு நடுவில் நிற்பதற்காக ஒரு போலித் தண்டைச் செருகுவோமே, அலைன்மென்ட் டூல், அதற்கு 'மையக்கோல்' சொல்லலாமா? அதன் முனையும் இந்த நுனிதாங்கிக்குள்தானே உட்காருகிறது.

*

மறுமொழி:

புஷ்ஷை விட்டுவிடுங்கள் ஐயா. பட்டறையில் எல்லோர் வாயிலும் இருக்கிறது, யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் இருக்கும் இடத்துக்குத்தான் சொல் தேவை. தவிர, உள்வளையம் என்றால் பால் பேரிங்கின் உட்புற வளையம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மையக்கோல் அருமை. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அது மட்டும் எங்களிடம் இருந்திருந்தால் தப்பை அன்றைக்கே பிடித்திருப்போம். நாங்கள் தட்டைக் கண்ணளவில் நடுப்படுத்தினோம். கோலைச் செருகியிருந்தால் அதன் முனை வெறும் துளைக்குள் லொடலொடவென்று ஆடியிருக்கும்.

இரண்டாம் தடவை செய்ததையும் எழுதிவிடுகிறேன். புது புஷ் நுண்துளை வெண்கலம், எண்ணெய் குடிக்கும் வகை. ஒரு வாயைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே ஆயில் நிரப்பி, மறு வாயை இன்னொரு கட்டைவிரலால் அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெளிப்புறமெங்கும் பொடிப்பொடியாக ஆயில் வியர்த்தது. அப்புறம் அதைத் துளையில் தட்டி இறக்கி, கியர்பாக்ஸைக் கோர்த்தோம். அரை அங்குல இடைவெளியில் நின்றுகொண்டது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. இழுக்கவில்லை, இழுத்தால் தட்டின் நடுப்பகுதிதான் நெளியும். கியரில் போட்டு, பின்பக்கத்து ஃபிளாஞ்சைக் கையால் லேசாகத் திருப்பினேன். பற்கள் சேர்ந்ததும் டக்கென்று உள்ளே போய் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால், கோர்ப்பதற்குச் சற்றுமுன், சரிபார்ப்புத் தாளைப் பார்த்து நண்பரிடம் கேட்டேன்:

"நுனிதாங்கி போட்டாச்சா?"

"எதோட நுனி?"

"கியர்பாக்ஸ் தண்டோட நுனி."

டிக் போடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினின் பின்பக்கம் குனிந்தார்.