சிஎம்இ மெம்பர்ஷிப்: சொந்தமாக வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் இருந்து சிஎம்இ (சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச்) சந்தையில் ஈ-மினி எஸ் அண்ட் பி, ஈ-மினி நாஸ்டாக் என்ற பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் இரண்டிலும் டே டிரேடிங் செய்கிறேன். சராசரியாக நாளுக்கு 25 லாட் (காண்டிராக்ட்) வாங்கி, அந்த 25-ஐயும் விற்கிறேன். மெம்பர் அல்லாதவருக்கான எக்ஸ்சேஞ்ச் கட்டணமே மாதக் கடைசியில் பெரிய தொகையாக நிற்கிறது. அக்கவுண்ட் எல்எல்சி (ஒரு வகை அமெரிக்க நிறுவனம்) பெயரில். தம்பியின் பணமும் அதில் இருக்கிறது. வேறு சம்பளம் கிடையாது. கட்டணச் சலுகைக்காக சீட் (மெம்பர்ஷிப்) வாங்கலாமா, லீஸ் போதுமா? மெம்பர்ஷிப்பில் எந்த டிவிஷன் (பிரிவு) எடுக்க வேண்டும்?

பதில் 1:
இந்த இரண்டு காண்டிராக்டுக்கும் ஐஓஎம் என்ற டிவிஷன் போதும். ஐஎம்எம் டிவிஷன் என்றால் கரன்சியும் வட்டி விகிதமும் கூட வரும். கால்நடை வரை எல்லாம் வேண்டுமென்றால்தான் முழு சிஎம்இ சீட். ஒன்றை மறக்காதீர்கள்: சிபிஓடி, நைமெக்ஸ், காமெக்ஸ் எக்ஸ்சேஞ்சுகள் எல்லாம் சிஎம்இயோடு ஒரே குழுமம் என்றாலும் மெம்பர்ஷிப் தனித்தனி. நாளை கச்சா எண்ணெய்க்கோ தங்கத்துக்கோ போனால் ஐஓஎம் ஒரு காசும் மிச்சப்படுத்தாது.

கணக்கை இப்படிப் போடுங்கள். கீழே இருப்பவை உதாரண எண்கள்தான். இன்றைய கட்டணப் பட்டியலையும் லீஸ் விலையையும் சிஎம்இ தளத்தில் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். லீஸ்காரருக்கும் உரிமையாளருக்கும் பட்டியலில் வேறு வேறு கட்டண விகிதம் இருக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

லீஸில் ஒரு சைடுக்கு (ஒரு லாட் வாங்குவது ஒரு சைடு, விற்பது இன்னொரு சைடு) 0.70 டாலர் மிச்சம், சொந்த சீட்டில் 0.90, மாத வாடகை 300 என்று வையுங்கள். 300-ஐ 0.70-ஆல் வகுத்தால் 429 சைடு. 21 வர்த்தக நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 20 சைடு, அதாவது பத்து லாட் ரவுண்ட் டர்ன் (வாங்கி விற்பது). அதற்குக் கீழே போனால் வாடகையே கட்டுபடியாகாது.

நீங்கள் நாளுக்கு 50 சைடு, மாதம் 1,050 சைடு. லீஸில் 735 மிச்சம், வாடகை போக 435. சொந்த சீட்டில் 945. வித்தியாசம் மாதம் 510, வருடத்துக்கு 6,120. சீட் விலை 1,00,000 என்றால், அந்தப் பணத்தை 5% வட்டியில் போட்டாலே 5,000 வரும். மீதி 1,120. சீட் விலை ஒன்றேகால் சதவீதம் இறங்கினால் அதுவும் போச்சு. ஆகவே சீட் வாங்குவது கட்டணச் சேமிப்பு அல்ல, சீட் விலை மேல் போடும் முதலீடு. 2015 ஜூலையில் பெரும்பாலான ஃபியூச்சர்ஸ் பிட்டுகளை (டிரேடர்கள் நேரில் நின்று கூவி வர்த்தகம் செய்த இடங்களை) மூடிய பிறகு தரையில் நிற்கும் உரிமைக்கு மதிப்பு போய்விட்டது. இன்று சீட்டைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கட்டணச் சலுகைதான். சிஎம்இ கட்டணத்தை மாற்றினால் சீட் விலையும் ஆடும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் அக்கவுண்டை முதலில் பாருங்கள். தனிநபர் மெம்பர்ஷிப் சலுகை அந்த மெம்பருடைய சொந்த அக்கவுண்டுக்குத்தான். தம்பி பணம் கலந்த எல்எல்சி அதில் வராது. நிறுவனங்களுக்கான மெம்பர்ஷிப் வகைகள் வேறு, அவற்றின் நிபந்தனைகளும் செலவும் வேறு. தம்பி பங்கைத் தனி அக்கவுண்டாகப் பிரித்து, உங்கள் பெயரில் ஒன்று திறந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

சீட்டோ லீஸோ, ஒரு கிளியரிங் மெம்பர் (வர்த்தகங்களைத் தீர்த்து, பணத்துக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம்) உங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். உங்கள் புரோக்கர் வெறும் இன்ட்ரொடியூசிங் புரோக்கர் (வாடிக்கையாளரை இன்னொரு நிறுவனத்திடம் அறிமுகப்படுத்துபவர்) என்றால், அவர்களுடைய கிளியரிங் நிறுவனம் இதைச் செய்யுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் வந்த அன்றே சலுகை தானாக ஓடாது: அக்கவுண்ட் எண்ணை மெம்பரோடு சேர்த்துப் பதிய வேண்டும், ஆர்டரைப் போடுபவர் யார் என்று காட்டும் டேக் 50 அடையாளமும் உங்களுடையதாக இருக்க வேண்டும். முதல் வார ஸ்டேட்மென்டில் ஒரு லாட்டை எடுத்துக் கட்டணத்தைக் கையால் சரிபாருங்கள். பழைய விகிதமே பிடித்திருந்தால் உடனே சொல்லுங்கள்; திரும்பக் கேட்க காலக்கெடு உண்டு.

லீஸ் பத்திரத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். உரிமையாளர் சீட்டை விற்றால் உங்கள் சலுகை என்ன ஆகும் என்றும் பாருங்கள். சொந்த சீட்டிலும் ஒரு சிக்கல்: விற்ற பணம் உடனே கைக்கு வராது, மற்ற மெம்பர்களுக்கும் கிளியரிங் நிறுவனத்துக்கும் நீங்கள் தர வேண்டிய பாக்கிகள் தீர்ந்த பிறகே வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் தனி அக்கவுண்ட், லீஸ். சரிதானே?

பதில் 3:
அவசரப்படாதீர்கள், வரியைப் பார்க்காமல் லீஸ் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். சாதாரண டிரேடரின் ஃபியூச்சர்ஸ் லாபத்துக்கு சுயதொழில் வரி (சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் மருத்துவத் திட்டம் இரண்டுக்கும் சொந்தத் தொழில் செய்பவர் கட்டுவது) கிடையாது. ஆனால் அமெரிக்க வரிச் சட்டம் 1402(ஐ) படி, எக்ஸ்சேஞ்சில் பதிவு பெற்று முனைப்பாக வர்த்தகம் செய்பவர் 'கமாடிட்டீஸ் டீலர்', அவருக்கு உண்டு. லீஸ் எடுத்தாலும் பதிவு பதிவுதான்.

80,000 டாலர் லாபம் என்றால், அதில் 92.35 சதவீதத்துக்கு 15.3% போட்டால் சுமார் 11,300. அதில் பாதியை வருமானத்தில் கழிக்கலாம் என்றாலும், மேலே சொன்ன மாதம் 435 வருடத்துக்கு 5,220தான். உங்களுக்கு வேறு சம்பளம் இல்லாததால் சமூகப் பாதுகாப்புப் பகுதியான 12.4 சதவீதமும் முழுக்க உங்கள் தலையில். சம்பளத்திலேயே அந்த ஆண்டு வரம்பைத் தாண்டியவருக்கு மெடிகேர் பகுதி மட்டுமே விழும், அவருக்கு இதே லீஸ் லாபமாகலாம்.

மறுபக்கமும் உண்டு: அது உழைப்பு வருமானமாகக் கணக்கில் வருவதால் சோலோ 401(கே) போன்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்குகளில் பணம் போட வழி திறக்கும். டிரேடர் வரி தெரிந்த சிபிஏவிடம் (கணக்காளரிடம்) ஃபியூச்சர்ஸ் லாபத்தைக் காட்டும் போன வருட 6781 வரிப் படிவத்தைக் கொடுத்து, மெம்பராக இருந்தால் எவ்வளவு, இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு விதமாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் லாபம் 80,000 பக்கத்தில் என்றால், லீஸும் வேண்டாம். புரோக்கரிடம் குறைந்த கமிஷன் பேசி வாங்குவதே மேல்.